மணியடித்து நேரம் சொல்லும் கைக்கடிகாரம்: காசு எங்கே போகிறது, எதைக் கேட்டு வாங்குவது?

கேள்வி இது: "பக்கவாட்டில் உள்ள ஸ்லைடைத் தள்ளினால் மணியடித்து நேரம் சொல்லும் மெக்கானிக்கல் வாட்ச்களைப் பற்றிப் படித்தேன். மினிட் ரிப்பீட்டர், கிராண்ட் சோனரி என்று ஏதேதோ பெயர்கள். இவற்றுக்குள் என்ன வித்தியாசம்? ஒரு வீட்டின் விலை சொல்கிறார்களே, அப்படி உள்ளே என்ன இருக்கிறது? என்றாவது ஒன்று வாங்குவதாக இருந்தால் எதைப் பார்க்க வேண்டும்?"

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், மற்ற இரண்டுக்கும் விடை அதிலேயே இருக்கிறது. மணியடிக்கும் வாட்ச்சைக் காதால் கேட்டுத்தான் வாங்க வேண்டும். டயல், கேஸ் என்ற வெளிக்கூடு, நிறுவனத்தின் பெயர், உள்ளே எத்தனை உதிரிபாகங்கள் என்ற கணக்கு எல்லாம் அப்புறம். ஒரே நிறுவனம், ஒரே மாடல் என்றாலும் இரண்டு வாட்ச்கள் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. ஒன்று கணீரென்று இருக்கும். பக்கத்தில் இருப்பது தொண்டை கட்டியது போல ஒலிக்கும். அந்த வித்தியாசம் ஒரு கைவினைஞரின் அரமும் காதும் சேர்ந்து செய்தது. விலையில் பெரும்பகுதி போவதும் அந்த வேலைக்குத்தான்.

சரி, பெயர்களைப் பிரித்துவிடுவோம். நாம் கேட்டால் மட்டும் மணியடித்துச் சொல்வது ரிப்பீட்டர். நாம் கேட்காமலே, தானாக அடிப்பது சோனரி. இந்த ஒரு வேறுபாடு மனதில் நின்றால் மீதி எல்லாம் எளிது.

ரிப்பீட்டர்களில் பழையது குவார்ட்டர் ரிப்பீட்டர்: மணியையும் கால்மணியையும் மட்டும் சொல்லும். அடுத்தது ஐந்து நிமிட ரிப்பீட்டர். எல்லோரும் ஆசைப்படுவது மினிட் ரிப்பீட்டர். நேரம் 7:44 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லைடைத் தள்ளி விட்டால் தாழ்ந்த சுருதியில் ஏழு அடி. பிறகு 'டிங்-டாங்' என்று ஜோடி ஜோடியாக இரண்டு, அதாவது இரண்டு கால்மணி. பிறகு உயர்ந்த சுருதியில் பதினான்கு அடி. ஏழு மணி, முப்பது நிமிடம், அதன்மேல் பதினான்கு. கேட்பவர் மனசுக்குள் கூட்டிக்கொள்ள வேண்டும். இந்தக் கூட்டல் வேண்டாம் என்று நினைத்தவர்கள் பத்து நிமிடக் கணக்கில் அடிக்கும் டெசிமல் ரிப்பீட்டரைச் செய்தார்கள். ஜெர்மனியின் லாங்கே நிறுவனம் 2015-இல் வெளியிட்ட ட்ஸைட்வெர்க் மினிட் ரிப்பீட்டர் அந்த வகை. டயலில் நேரம் எண்ணாகவே தெரியும். அதில் 7:44 என்றால் ஏழு, நான்கு ஜோடி, நான்கு என்று அடிக்கும். கண்ணுக்குத் தெரியும் எண்களும் காதுக்குக் கேட்கும் எண்களும் ஒன்றாக இருக்கும்.

சோனரியில் மிக எளியது, மணிக்கு ஒருமுறை ஒரே ஒரு அடி அடித்துவிட்டு ஓய்வது. பெட்டிட் சோனரி மணிக்கு மணி அடிக்கும், கால்மணிக்குக் கால்மணி அடிக்கும், ஆனால் கால்மணி அடிக்கும்போது மணியைத் திரும்பச் சொல்லாது. கிராண்ட் சோனரி ஒவ்வொரு கால்மணிக்கும் மணியையும் சேர்த்துச் சொல்லும். ஒரு நாளைக்கு 96 முறை. நீங்களே கூட்டிப் பாருங்கள்: ஒன்று முதல் பன்னிரண்டு வரை கூட்டினால் 78, ஒவ்வொரு மணியும் நான்கு முறை சொல்லப்படுவதால் 312, கால்மணி ஜோடிகளுக்கு 144. பன்னிரண்டு மணி நேரத்துக்கு 456 அடி, ஒரு நாளைக்கு 912. இத்தனை அடிக்கும் தேவையான சக்தியை ஒரு சின்ன ஸ்பிரிங் பெட்டிக்குள் அடைத்து, அதே மணிக்கட்டளவு இடத்தில் நேரம் ஓட்டும் இயந்திரத்தையும் வைக்க வேண்டும். ரிப்பீட்டருக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஸ்லைடைத் தள்ளும் உங்கள் விரலே அந்த ஒரு முறைக்கான சக்தியைக் கொடுத்துவிடுகிறது. கிராண்ட் சோனரியைக் கைக்கடிகாரத்தில் முதலில் கொண்டுவந்தவர் ஃபிலிப் துஃபூர். சுவிட்சர்லாந்தின் வாலே த ஜூ பள்ளத்தாக்கில் தனியாளாக வேலை செய்தவர், 1992-இல் அதைக் காட்டினார். பெரிய நிறுவனங்கள் எதுவும் அதுவரை செய்யாத ஒன்று.

அலாரம் வாட்ச்சை இந்தக் குடும்பத்தில் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1947-இல் வந்த வல்கெய்ன் கிரிக்கெட் அருமையான வாட்ச்தான். ஆனால் அது வைத்த நேரத்துக்குச் சத்தம் போடும், நேரம் என்ன என்று எண்ணிச் சொல்லாது.

இப்போது உள்ளே போவோம். நான் முதன்முதலில் ரிப்பீட்டரின் உள்பக்கத்தைக் கிட்டத்தில் பார்த்தது ஒரு பழைய பாக்கெட் வாட்ச்சில். பழகிய ஒரு கடிகார வல்லுநர் முள்ளையும் டயலையும் கழற்றி வைத்துவிட்டு, லென்ஸை என்னிடம் கொடுத்து, "ஸ்லைடைத் தள்ளுங்க, மெதுவா" என்றார். தள்ளினேன். டயலுக்குக் கீழே அதுவரை ஒட்டிப் படுத்திருந்த தட்டையான மூன்று இரும்புக் கைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்து விழுந்தன. அந்த விழுதலில்தான் மொத்த ரகசியமும் இருக்கிறது.

அந்தக் கைகளுக்கு ரேக் என்று பெயர். விளிம்பில் ரம்பம் போலப் பற்கள் இருக்கும். ஒவ்வொரு ரேக்கும் தனக்கு உரிய ஒரு படிக்கட்டுத் தகட்டின்மேல் போய் விழுகிறது. அந்தத் தகடு நத்தை ஓடு போலச் சுருண்டு இறங்குவதால் ஸ்னெய்ல் என்பார்கள். மணிக்கான ஸ்னெய்லில் பன்னிரண்டு படி. கால்மணிக்கு நான்கு படி. நிமிட ஸ்னெய்ல்தான் அழகானது: காற்றாடி போல நான்கு கைகள், ஒவ்வொரு கையிலும் பதினான்கு சின்னஞ்சிறு படிகள். ரேக் எந்தப் படியில் போய் நிற்கிறதோ அதைப் பொறுத்து எத்தனை பற்கள் சுத்தியலைத் தட்டிவிடும் என்பது முடிவாகிறது. ஆழமான படி என்றால் அதிகப் பற்கள், அதிக அடி. வாட்ச் கணக்குப் போடுவதே இல்லை. நேரத்தைத் தொட்டுப் பார்த்து, தொட்ட ஆழத்தை ஒலியாக மாற்றுகிறது. கண் தெரியாதவர் விரலால் படி எண்ணுவது போலத்தான். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்த எண்ணம் மாறவில்லை.

இதில் ஒரு ஆபத்தான இடம் உண்டு. 7:44 முடிந்து 7:45 பிறக்கும் அந்தக் கணம். நிமிட ரேக் ஆழமான பதினான்காம் படியிலிருந்து உச்சிக்கு, அதாவது சுழியத்துக்கு வர வேண்டும். கால்மணிக் கணக்கு இரண்டிலிருந்து மூன்றாக வேண்டும். இரண்டும் துல்லியமாக ஒரே கணத்தில் மாற வேண்டும். கால்மணி மாறிவிட்டு நிமிட ரேக் இன்னும் பதினான்காம் படிக்குள் வழுக்கி விழுந்தால் என்ன ஆகும்? ஏழு, மூன்று ஜோடி, பதினான்கு. 7:59 என்று அடிக்கும். நேரம் என்னவோ 7:45. இதைத் தடுக்க ஸ்னெய்லின் அடியில் சர்ப்ரைஸ் பீஸ் என்று ஒரு மெல்லிய தகடு ஒளிந்திருக்கும். கால்மணி திரும்பும் கணத்தில் அது சட்டென்று முன்னால் நீண்டு படியை அகலமாக்கி, ரேக் தவறி விழாமல் தாங்கிக்கொள்ளும். மில்லிமீட்டரின் சிறு பங்கு அளவுதான் அசைவு.

இன்னொன்று, பிரெஞ்சில் 'தூ ஊ ரியென்', அதாவது 'எல்லாம் அல்லது ஒன்றுமில்லை' என்ற பாகம். பழைய ரிப்பீட்டர்களில் ஸ்லைடைப் பாதி தள்ளி விட்டால் வாட்ச் பாதி மணியை அடித்து வைக்கும். இருட்டில் பத்து மணியை ஆறு என்று நம்பிப் படுத்தவர்கள் இருந்திருப்பார்கள். இந்தப் பாகம் வந்த பிறகு, முழுதாகத் தள்ளினால்தான் அடிக்கும், இல்லாவிட்டால் மௌனம். தவறான நேரத்தைச் சொல்வதைவிட ஒன்றும் சொல்லாமல் இருப்பது மேல் என்று ஒரு இயந்திரத்துக்குள் எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த பாகம் இதுதான்.

இருட்டு என்றேன் இல்லையா, இந்த வாட்ச் பிறந்ததே இருட்டுக்காகத்தான். தீப்பெட்டி இல்லாத காலத்தில் நடு இரவில் மணி பார்ப்பது பெரிய வேலை. சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டி, பஞ்சில் பொறி பிடித்து, மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். இங்கிலாந்தில் எட்வர்ட் பார்லோ என்ற பாதிரியார் 1676-இல் ரேக் முறையைக் கடிகாரத்துக்குக் கொண்டுவந்தார். பத்து ஆண்டு கழித்து அவர் வாட்ச்சுக்கும் காப்புரிமை கேட்டபோது, டேனியல் குவேர் என்ற கடிகாரக்காரர் தானும் அதைச் செய்திருப்பதாகப் போட்டிக்கு வந்தார். 1687-இல் இரண்டு வாட்ச்களும் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் முன் வைக்கப்பட்டன. பார்லோவின் வாட்ச்சில் மணிக்கு ஒரு பொத்தான், கால்மணிக்கு ஒரு பொத்தான். குவேரின் வாட்ச்சில் ஒரே அழுத்தலில் இரண்டும் அடித்தது. குவேர் ஜெயித்தார். அரைத்தூக்கத்தில் தலையணைக்கு அடியில் கை விடுபவருக்கு எது வசதி என்பதுதான் அந்தத் தீர்ப்புக்குள் இருந்த நியாயம் என்று நான் நினைக்கிறேன்.

கண்பார்வை இல்லாதவர்களுக்கும் இது அவசியப் பொருளாக இருந்தது. காரில் குரூஸ் கன்ட்ரோலைக் கண்டுபிடித்த அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் டீட்டர் சிறுவயதிலேயே பார்வை இழந்தவர். அவர் கையில் கட்டியிருந்தது பதேக் ஃபிலிப் என்ற சுவிஸ் நிறுவனத்தின் மினிட் ரிப்பீட்டர். அவர் நேரம் 'பார்த்தது' இந்த ஒலியில்தான். இந்த வாட்ச்களை வெறும் பணக்கார விளையாட்டு என்று யாராவது சொன்னால் எனக்கு டீட்டர்தான் ஞாபகத்துக்கு வருவார்.

ஆரம்ப காலத்தில் வாட்ச்சுக்குள் உண்மையிலேயே ஒரு குட்டி மணி, கிண்ணம் போல, பின்மூடியில் இருக்கும். அதனால் வாட்ச் தடியாக இருந்தது. 1783-இல் பாரிஸில் இருந்த கடிகார மேதை பிரெகே ஒரு மாற்றம் செய்தார். மணியை எடுத்துவிட்டு, இயந்திரத்தின் ஓரத்தைச் சுற்றி வளைத்த எஃகுக் கம்பி ஒன்றை வைத்தார். அதைத்தான் இன்று வரை காங் என்கிறோம். வாட்ச் மெலிந்தது, ஒலியும் இனிமையானது. அதே 1783-இல் அவரிடம் பிரான்சின் மரி அந்துவானெத் அரசிக்காகச் செய்யச் சொல்லப்பட்ட புகழ்பெற்ற வாட்ச்சிலும் மினிட் ரிப்பீட்டர் உண்டு. அது முடிந்தது 1827-இல். அரசியும் பிரெகேவும் அப்போது உயிரோடு இல்லை.

இனி, காசு போகும் இடத்துக்கு வருகிறேன். காங் என்பது கடினப்படுத்திய எஃகுக் கம்பி, ஒரு முனை மட்டும் கால் போன்ற கட்டையில் பொருத்தப்பட்டிருக்கும், மறுமுனை காற்றில் நிற்கும். சுத்தியல் அதைத் தட்டுகிறது. தட்டியதும் உடனே விலகிவிட வேண்டும். ஒரு முடி கனம் கூடுதலாக ஒட்டி நின்றாலும் அதிர்வு செத்து 'டக்' என்று கேட்கும். அதிகமாக விலகி நின்றால் அடி பலவீனமாகும். இந்த இடைவெளியைச் சரிசெய்வதே ஒரு கலை. அடுத்து சுருதி. கம்பியின் கால் பக்கத்தில் அரத்தால் ஒரு இழை எடுத்தால் சுருதி இறங்கும். நுனியில் எடுத்தால் ஏறும். எடுத்ததை மறுபடி ஒட்ட முடியாது. கொஞ்சம் கூடிப்போனால் அந்தக் கம்பி குப்பைக்குத்தான், புதுசாக ஒன்றை வளைத்துத் தொடங்க வேண்டும்.

இது போதாதென்று, திறந்த இயந்திரத்தில் கேட்ட ஒலி வேறு, கேஸுக்குள் வைத்து மூடிய பிறகு கேட்கும் ஒலி வேறு. மூடி, கேட்டு, மறுபடி திறந்து, ஒரு இழை எடுத்து, மறுபடி மூடிக் கேட்க வேண்டும். இரண்டு காங்குகளும் தனித்தனியாக நன்றாக இருந்தால் போதாது, டிங்-டாங் அடிக்கும்போது ஒன்றோடொன்று இசைய வேண்டும். நல்ல வீணை செய்பவரிடம் மேளம் வைப்பதை, அதாவது மெட்டுகளைச் சுருதி பார்த்துப் பதிப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். அளவுகோல் சொல்லாததைக் காது சொல்லும். பதேக் ஃபிலிப்பில் தயாராகும் ஒவ்வொரு மினிட் ரிப்பீட்டரையும் நிறுவனத்தின் தலைவரே காதால் கேட்டு ஒப்புக்கொண்ட பிறகுதான் வெளியே விடுகிறார்கள். முன்பு ஃபிலிப் ஸ்டெர்ன் கேட்டார், பிறகு மகன் தியரி ஸ்டெர்ன். கருவி வைத்தும் அளக்கிறார்கள், கடைசி முடிவு மட்டும் காதிடம்.

அப்புறம் காலப்பிரமாணம். அடிக்கும் ஸ்பிரிங் தன் போக்கில் விட்டால் எல்லா மணியையும் ஒரே மூச்சில் கொட்டிவிடும். அதை இழுத்துப் பிடித்து நிதானமாக விடுவதற்கு கவர்னர் என்று ஒரு பாகம். பழைய நங்கூர வகை கவர்னர் ஓடும்போது வண்டு பறப்பது போல ஒரு ரீங்காரம் வரும். பாக்கெட் வாட்ச்சில் அதையும் சேர்த்துத்தான் கேட்போம். இப்போது நல்ல வாட்ச்களில் இருப்பது சுழலும்போது எடைக்கட்டிகள் விரிந்து வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் வகை. கிட்டத்தட்டச் சத்தமே இராது. ஜப்பானின் கிரெடோர் ரிப்பீட்டரில் காற்றின் தடையை வைத்தே வேகத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். அதன் காங்குகளைச் செய்தவர், பல தலைமுறையாக கவசம் செய்துவந்த மியோச்சின் கொல்லர் குடும்பத்தைச் சேர்ந்தவர். அந்த வாட்ச்சில் மணி ஒலிக்கு அடியில் வேறு எந்தச் சத்தமும் இல்லை. அந்த நிசப்தத்துக்காகவே அதை உயர்வாக மதிக்கிறேன்.

கேஸின் உலோகமும் பேசும். பிளாட்டினம் பார்வைக்குக் கம்பீரம், ஒலிக்கு அவ்வளவாகத் தோதில்லை. கனமான உலோகம் அதிர்வை விழுங்கிவிடும். ரோஸ் கோல்டு இதமான ஒலி தரும் என்பது பொதுவான அனுபவம். டைட்டானியமும் எஃகும் சத்தத்தைத் தாராளமாக வெளியே விடும். எஃப்.பி. ஜூர்ன் என்ற கடிகாரக் கலைஞர் தன்னுடைய சோனரி சூவரேன் என்ற வாட்ச்சை, அவ்வளவு விலையுள்ள வாட்ச்சாக இருந்தும், எஃகுக் கேஸில் செய்தது இதனால்தான். பல்கேரி நிறுவனத்தின் 2016 ஆக்டோ ஃபினிஸிமோ மினிட் ரிப்பீட்டர் மொத்தமே 6.85 மில்லிமீட்டர் கனம், டைட்டானியம், டயலின் மணிக்குறிகளைத் துளைகளாகவே வெட்டிவிட்டார்கள். ஒலி அதன் வழியாக வெளியே வருகிறது.

கடந்த இருபது ஆண்டுகளில் இந்தத் துறையில் நடந்த வேலை பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான்: காங்கின் அதிர்வைக் காற்றுக்கு எப்படிக் கொண்டு சேர்ப்பது? வழக்கமான வாட்ச்சில் அதிர்வு கம்பியிலிருந்து இயந்திரத் தட்டுக்கு, அங்கிருந்து கேஸுக்கு, பிறகு காற்றுக்குப் போகிறது. போகிற வழியெல்லாம் சேதாரம். உங்கள் மணிக்கட்டும் தன் பங்குக்குக் கொஞ்சம் குடித்துவிடும். ஜேகர்-லெகூல்ட்ர் நிறுவனம் காங்கைக் கண்ணாடியோடு இணைத்துக் கண்ணாடியையே ஒலிபெருக்கியாக்கியது. ஓடெமார் பிகே நிறுவனம், லோசான் தொழில்நுட்பக் கல்விநிலையத்தோடு சேர்ந்து எட்டு ஆண்டு ஆராய்ந்து, சூப்பர்சோனரியைக் கொண்டுவந்தது. 2015-இல் முன்மாதிரி, 2016-இல் விற்பனை. அதில் காங்குகள் இயந்திரத்தில் இல்லை. கீழே கிட்டார் பலகை போன்ற ஒரு தனி மெல்லிய தட்டில் பொருத்தப்பட்டிருக்கின்றன. பின்மூடியில் துளைகள். கையில் கட்டியிருந்தாலும் ஒலி குறையாது. பதேக் ஃபிலிப் 2021-இல் வெறும் 15 வாட்ச்களாக வெளியிட்ட 5750 என்ற மாடலில், காங்கின் அதிர்வை ஒரு சின்ன நெம்புகோல் மெல்லிய சஃபயர் (செயற்கை நீலக்கல் படிகம்) தட்டுக்குக் கடத்துகிறது. கேஸ் எந்த உலோகம் என்பதே அங்கே பொருட்டில்லாமல் போயிற்று. அதனாலேயே துணிந்து பிளாட்டினத்தில் செய்தார்கள்.

இவற்றில் என் காதுக்கு மேலானது ஷோபார் நிறுவனத்தின் 2016 ஃபுல் ஸ்ட்ரைக். எஃகுக் கம்பியே இல்லை. வாட்ச்சின் மேல்கண்ணாடியும் காங்குகளும் ஒரே சஃபயர் கட்டியிலிருந்து, ஒட்டு இல்லாமல் வெட்டி எடுக்கப்பட்டவை. கண்ணாடியைச் சுத்தியலால் தட்டுவதா என்று யாருக்கும் பயம் வரும். ஒலியோ, தண்ணீர்த் துளி விழுந்தது போலத் தெளிவு. 2017-இல் கடிகாரங்களுக்கென்றே நடக்கும் ஜெனீவா கிராண்ட் பிரீயின் மிக உயர்ந்த பரிசான தங்க முள் அதற்குக் கிடைத்தது, தகுதியான வாட்ச்சுக்குத்தான் போனது. சூப்பர்சோனரியின் சத்தம் அபாரம், மறுக்கவில்லை. ஆனால் உரக்கக் கேட்பதும் நன்றாகக் கேட்பதும் ஒன்றல்ல. விற்பவர்கள் பெரும்பாலும் டெசிபலைத்தான் சொல்வார்கள். கார்வையைக் கவனியுங்கள்: ஒரு அடி அடித்த பிறகு அது எவ்வளவு நேரம் நிற்கிறது, எப்படித் தேய்ந்து மறைகிறது என்பதை. கதீட்ரல் காங் என்று விற்பார்கள். கம்பி இயந்திரத்தை ஒரு சுற்றுக்கும் மேலாக, ஏறக்குறைய இரண்டு சுற்று சுற்றியிருக்கும். நீளம் கூடியதால் கார்வையும் ஆழமும் கூடும். ஆனால் நீளமான கம்பி பக்கத்தில் எதிலாவது உரசினால் கெட்டது, அதனால் செய்வது இன்னும் சிரமம்.

விலை உச்சத்தைப் பற்றிச் சுருக்கமாக: ஹென்றி கிரேவ்ஸ் என்ற அமெரிக்க வங்கியாளருக்கு பதேக் ஃபிலிப் 1933-இல் செய்து கொடுத்த பாக்கெட் வாட்ச்சில் 24 சிக்கலான வசதிகள், அதில் ஒன்று வெஸ்ட்மின்ஸ்டர் மணியோசை, லண்டன் பிக் பென் கோபுரத்தில் கேட்கும் அதே மெட்டு. 2014-இல் அது ஏலத்தில் 2.3 கோடி சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் போனது. 2019-இல் அறப்பணிக்காக நடந்த ஒன்லி வாட்ச் ஏலத்தில் அதே நிறுவனத்தின் கிராண்ட்மாஸ்டர் சைம், எஃகுக் கேஸில் ஒன்றே ஒன்று, 3.1 கோடி ஃபிராங்கு. இரண்டுமே மணியடிக்கும் வாட்ச்கள் என்பது தற்செயல் இல்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்களே இதைத்தான் உச்சம் என்று வைத்திருக்கிறார்கள்.

அவ்வளவு பணம் யாரிடம் இருக்கிறது என்று கேட்பீர்கள். ஆசை உண்மையானது என்றால் வழி இருக்கிறது. 2022-இல் கிறிஸ்டோபர் வார்ட் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் வெளியிட்ட பெல் காண்டோ, மணிக்கு ஒரு அடி அடிக்கும் வாட்ச். வந்தபோது விலை மூவாயிரம் பவுண்டுக்குச் சற்று குறைவு. டைட்டானியம் கேஸ், சுத்தியலும் காங்கும் டயல் பக்கமே தெரியும். அது ரிப்பீட்டர் இல்லை, நேரத்தை எண்ணிச் சொல்லாது. ஆனால் உண்மையான சுத்தியல், உண்மையான காங். முதல் வாட்ச்சாக நான் தயங்காமல் அதைச் சொல்வேன். எண்ணிச் சொல்லத்தான் வேண்டும் என்றால் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் செய்த குவார்ட்டர் ரிப்பீட்டர் பாக்கெட் வாட்ச்கள் இன்றும் கிடைக்கின்றன, புதிய மினிட் ரிப்பீட்டரின் விலையில் சின்னப் பங்குதான்.

அங்கே ஒரு எச்சரிக்கை. நான் அப்படி ஒன்றை ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். "நன்றாக அடிக்கிறது" என்றார், என் முன்னால் அடித்தும் காட்டினார். மதியம் மூன்று மணி வாக்கில். வீட்டுக்கு வந்து இரவு அடித்துப் பார்த்தால் பத்து வரை சரி, பதினொன்றுக்கும் பத்து, பன்னிரண்டுக்கும் பத்து. ரேக்கின் கடைசியில் இரண்டு பற்கள் மழுங்கியிருந்தன. யாரோ எப்போதோ அது அடித்துக்கொண்டிருக்கும்போதே முள்ளைத் திருப்பியிருக்கிறார்கள். மூன்று மணிக்கு அது எப்படித் தெரியும்? அந்த ரேக்கைப் புதிதாக வெட்டச் செய்வதற்கு வாட்ச்சின் விலையில் பாதிக்கு மேல் ஆனது.

அதனால் வாங்கும் முன் கட்டாயம் 12:59-க்கு வைத்து அடிக்கச் சொல்லுங்கள். மினிட் ரிப்பீட்டர் என்றால் பன்னிரண்டு, மூன்று ஜோடி, பதினான்கு. மொத்தம் 32 அடி. ரிப்பீட்டர் பேசக்கூடிய மிக நீளமான நேரம் அதுதான். எல்லாப் பற்களும் வேலை செய்தே ஆக வேண்டும். முதல் அடியும் கடைசி அடியும் ஒரே வேகத்தில் இருக்கின்றனவா, கடைசியில் தளர்ந்து இழுக்கிறதா என்று கவனியுங்கள். மணிக்கும் கால்மணிக்கும் நடுவே, கால்மணிக்கும் நிமிடத்துக்கும் நடுவே ஒரு மூச்சு இடைவெளி சீராக இருக்க வேண்டும். பிறகு 5:03 போல ஒரு நேரம். கால்மணி ஏதும் இல்லாததால் சாதாரண வாட்ச்களில் நடுவில் ஒரு வெற்றிடம் விழும். சில புது இயந்திரங்கள் அதைச் சுருக்கிவிடுகின்றன. எனக்கு அந்த வெற்றிடம் தொந்தரவாக இல்லை, சிலருக்கு இருக்கிறது. கேட்டால்தான் தெரியும். கால்மணி திரும்பும் இடங்களையும், 14-லிருந்து 15, 44-லிருந்து 45, ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். சர்ப்ரைஸ் பீஸ் தேய்ந்திருந்தால் அங்கேதான் பொய் சொல்லும்.

வீடியோவில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். மைக்கைக் காங்கின் மேல் ஒட்டி வைத்துப் பதிவு செய்தால் எந்த வாட்ச்சும் கோயில் மணி போலக் கேட்கும். நேரில், கையில் கட்டியபடி ஒருமுறை, கழற்றி ஒரு மரப்பெட்டியின் மேல் வைத்து ஒருமுறை கேளுங்கள். மரம் அதிர்வை வாங்கிப் பெருக்கித் தரும்.

வாங்கிய பிறகு பின்பற்ற வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் கறாராக. அடித்துக்கொண்டிருக்கும்போது கிரௌனை, அதாவது முள்ளைத் திருப்பும் திருகைத் தொடக் கூடாது, ஸ்லைடை மறுபடி தள்ளக் கூடாது, முழுதாக முடியும் வரை விட வேண்டும். ஸ்லைடைத் தயங்காமல் கடைசி வரை தள்ளி, பிறகு விரலை எடுத்துவிட வேண்டும். தண்ணீர் பக்கமே கொண்டுபோகக் கூடாது. ஸ்லைடு ஓடும் பிளவு வழியாக ஈரம் நுழையும், பல மினிட் ரிப்பீட்டர்களுக்குத் தண்ணீர் தாங்கும் திறன் என்று எதுவும் கிடையாது. சர்வீஸுக்குச் செய்த நிறுவனத்துக்கே அனுப்புங்கள், அல்லது ரிப்பீட்டரில் கை பழகிய ஒருவரிடம் கொடுங்கள். நல்ல வாட்ச் மெக்கானிக்குகள் பலர் இதைத் தொடத் தயங்குவார்கள், "எனக்குப் பழக்கம் இல்லை" என்று சொல்பவரை நம்பலாம். நீண்ட நாள் பெட்டிக்குள் வைக்காதீர்கள், அவ்வப்போது அடித்துப் பாருங்கள். எண்ணெய் இறுகினால் முதலில் தெரிவது காலப்பிரமாணத்தில்தான்.

ஒன்று விட்டுப்போயிற்று. 12:59-ஐக் கேட்டு முடித்ததும் வாட்ச்சைக் கீழே வைத்துவிடாதீர்கள். ஒரு நிமிடம் பொறுத்து, மணி ஒன்று ஆனதும் மறுபடி ஸ்லைடைத் தள்ளுங்கள். இப்போது ஒரே ஒரு அடிதான். அதற்குப் பின்னால் வேறு அடி வந்து மறைக்காது, காங்கின் கார்வை முழுவதும் வெளிச்சத்துக்கு வரும். அறையில் யாரும் பேசாமல் பார்த்துக்கொண்டு, அது முற்றிலும் அடங்கும் வரை மனசுக்குள் எண்ணுங்கள். இரண்டு வாட்ச்களுக்கு நடுவில் குழப்பம் என்றால் அந்த எண்ணிக்கையை வைத்தே நான் முடிவு செய்வேன்.